உப்பளத்துக்கு ஒற்றைக் கொலுசோடு

ஞாயிறு காலை 7.10. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி கிடைத்தது. மரக்காணத்துக்கு டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். கோமாளி வேஷம், பலூன், முகத்தில் புலி வரைவது, பொம்மையைப் பேச வைப்பது, மேஜிக் என்று பிள்ளைகள் விழாவில் எதைக் கேட்டாலும் செய்கிறவன் நான். எப்போதும் கூட வரும் பெரிய பெட்டி இன்றைக்கு இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம்தான். அதற்குள் ஒரு வெள்ளிக் கொலுசு.

மூன்று வாரத்துக்கு முன் இதே வழியில்தான் போனேன். உப்பளத்தில் வேலை தொடங்கும் பூஜை. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதலாளி என்னை அழைத்திருந்தார். ஏழு வயது நிஷா ஒரு கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள். போட்டிருந்த மேஜிக் கோட்டின் கைக்குள் அதை மறைத்து, மாயமானதாகக் காட்டினேன்.

"எப்போ வரும் அங்கிள்?"

"நாளைக்குக் காலையில உன் தலகாணிக்கு அடியில இருக்கும், பாரு!"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. கிளம்புமுன் அவள் அம்மாவிடம் கொடுத்துவிட நினைத்தேன். அதற்குள் பிரியாணி வந்தது, கூட்டம் கலைந்தது, மறந்தே போனேன். ஒரு வாரம் கழித்து உப்பள மேஸ்திரி போனில் கொலுசைப் பற்றிக் கேட்டார். கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "அப்பவே பாப்பாகிட்ட குடுத்துட்டேங்க" என்றேன். அடச்சே, என்ன திமிர் எனக்கு! நேற்று கோட்டைத் துவைக்க எடுத்தபோது, கைக்குள் தைத்த ரகசியப் பையிலிருந்து கொலுசு தரையில் விழுந்தது.

காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை தாண்டி 8.20க்கு மரக்காணம். உப்பளம் இன்னும் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"சீக்கிரம் ஏறு சார். பத்து மணிக்கு மேல வெயில்ல அங்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்க" என்றார் டிரைவர்.

பாத்திகள் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன. நிஷாவின் அம்மா தேவி உப்புக் கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொலுசை வாங்கினாள்.

"நீங்க குடுத்துட்டேன்னு சொன்னதா மேஸ்திரி சொன்னாரு. அதை நம்பி நிஷாவப் போட்டு அடிச்சேன் சார். தெனம் காலையில தலகாணியத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. அப்புறம், 'நான்தாம்மா தொலைச்சிட்டேன்'னு அதுவே சொல்லிடுச்சு."

"தப்பு என்னுதுதாங்க" என்றேன். கொட்டகை நிழலில் பிள்ளைகளோடு இருந்த நிஷாவிடமும் போய்ச் சொன்னேன். கூட வந்த அம்மா கொலுசை மாட்டிவிட்டபோதும் அவள் காலை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "ஒரு மேஜிக் பாக்கலாமா? யாராச்சும் ஏதாவது ஒண்ணு குடுங்க!"

ஒரு குட்டிப் பெண் ஆசையாக வளையலைக் கழற்றப் போனாள். நிஷா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதடி. அப்புறம் குடுத்துட்டேன்னு சொல்லிடுவாரு."

10.40 வண்டியில் திரும்பினேன். ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறேன், எந்தப் பிள்ளையும் என்னிடம் பொருளைத் தரத் தயங்கியதில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.