இரண்டிலேயே நின்ற பவர்

என் வீட்டுக்காரர் கஜபதி தங்கமான மனுஷர் என்று மண்ணூர்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்து மாதம் முன்புவரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை வேறு யார் வீட்டிலோ நடப்பது என்று நினைத்திருந்தேன்.

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் சின்னதாகக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பதும் அவர்தான், ஃப்ரேமில் பொருத்திக் கொடுப்பதும் அவர்தான். பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் கேட்பது ஒன்றே ஒன்று.

"அண்ணாத்தே, கொஞ்சம் கம்மியாவே போடு. போடப் போட பவர் ஏறிக்கினே போவுமாமே."

இவரும் தலையாட்டுவார். கொஞ்சம் மங்கலாக விட்டால்தான் கண் அடங்கும், பவர் ஏறாது என்பது இவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னது. அதற்குமேல் இவர் யாரிடமும் எதையும் கேட்டுக்கொண்டதில்லை. பேச்சு மட்டும் தேனாக இருக்கும்.

எங்கள் மகள் எழிலுக்கு மூன்றாம் வகுப்பில் கண்ணாடி வந்தது. ஐந்தாம் வகுப்பில் மைனஸ் இரண்டு. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவளைக் கடைக்கு அழைத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து, "ரெண்டுலயே நிக்குது ரேணு" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது. தெருவில் நாலு பேரிடம் நானே சொல்லி, கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

படிப்புதான் இறங்கிக்கொண்டே போனது. போர்டில் எட்டு இருந்தால் நோட்டில் மூன்று என்று எழுதிக்கொண்டு வருவாள். "போர்ட்ல கீறத பாத்து எழுதக்கூட உனக்கு ஒடம்பு வணங்கலயாடி?" என்று முதுகிலேயே ஒன்று வைப்பேன். போர்டு தெரியவில்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கண்ணாடிதான் போட்டிருக்கிறாளே, அப்புறம் என்ன என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அப்பா பார்த்துப் போட்ட கண்ணாடி. கோளாறு தன் மண்டையில்தான் என்று.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். மாலையில் என்னை வரச் சொன்னார்கள். டாக்டர் சின்னப் பெண். எழிலின் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்திருந்தார்.

"கண்ணாடி மைனஸ் ரெண்டு. கண்ணு அஞ்சரை. யார் போட்டுக் கொடுத்தாங்க?"

அவள் அப்பாதான் என்று நான் சொல்லவில்லை. கண் அடங்குவதற்காகக் குறைத்துப் போட்டிருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை.

"அது பழைய நம்பிக்கைம்மா. கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒரு படலம் இருக்கு. படம் மங்கலா விழுந்தா அது சும்மா இருக்காது. கண்ணை வளரவோ நிறுத்தவோ சொல்லும். கோழிக்குஞ்சுங்க கிட்ட சோதிச்சாங்க. ஒரு விதமா மங்கினா கண்ணு நீளமாச்சு, இன்னொரு விதமா மங்கினா வளர்ச்சி குறைஞ்சுது. அப்போ பிள்ளைங்களுக்கும் குறைச்சுப் போட்டா நிக்கும்னு நினைச்சாங்க. நிக்கல. சில பேருக்கு இன்னும் வேகமா ஏறிச்சு."

"அப்போ இவளுக்கு ஏறினது அதனாலதானா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை வருஷமா இவளுக்கு போர்டு சரியா தெரிஞ்சிருக்காது."

அன்று கடையை மூடிவிட்டு அவர் வந்ததும் கேட்டேன். எப்போதும் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"அஞ்சரைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றார். "போன வருசம் அஞ்சு இருந்துச்சு. நல்லதுக்குன்னுதான் ரேணு ஆரம்பிச்சேன். அப்பால மாத்த முடியல. கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம், என் பொண்ணுக்கு ரெண்டுலயே நிக்குதுன்னு சொல்லிகினு கீறேனே."

நம்பி ஏமாந்திருந்தால் மன்னித்திருப்பேன். தொழில் சொல்லிக்கொடுத்தவர் தப்பாகச் சொன்னார், இவரும் தப்பாகச் செய்தார் என்று விட்டிருப்பேன். ஆனால் வருஷா வருஷம் பவர் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு என்றார். நான் அந்தப் பிள்ளையை அடிக்கும்போதெல்லாம் காரணம் தெரிந்த ஒரே ஆள் அதே வீட்டில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும்.

டாக்டர் பவர் எழுதிக் கொடுத்த சீட்டு எழில் கையில் இருந்தது; அதற்குக் கை நீட்டினார். "குடும்மா, நாளைக்கே ரெடி பண்ணிடறேன். முழுசா போடறேன்."

எழில் சீட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் மகளுக்கு அம்பத்தூரில் வேறொரு கடையில் கண்ணாடி செய்தோம்.

அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். ஹாலில் உட்கார்ந்திருந்த அவர், "நல்லா தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுதுப்பா," என்றாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா என்னை அடிக்கறப்போ நீ இங்கதான் குந்திகினு இருப்ப. உன் மூஞ்சி எனக்கு மங்கலாத்தான் தெரியும். எனக்காக அழுவுறேன்னு நெனச்சுக்குவேன். அழுதியாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"டிவி பாத்துகினு இருப்பாரு," என்றேன்.