கெட்டிமேளம் இல்லாத முகூர்த்தம்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரிக்காக, கலியாணம், விழாக்களை ஒழுங்குபடுத்தக் கற்பிக்கும் நிகழ்ச்சி முகாமைத்துவப் பட்டப்படிப்பை வடிவமைத்த குழுவில் நான்தான் இளையவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான்.

"சோதனைச் சாவடியும் பொலிஸ் அனுமதியும்" என்று நான் எழுதியிருந்த பாடத்தைக் குழுத் தலைவர் பேனாவால் வெட்டினார்.

"பிள்ளை, இது பட்டப்படிப்பு. பூ அலங்காரம், ஒளியமைப்பு போதும். சண்டையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்?"

அதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"சேர், என்ர தங்கச்சியின்ர கலியாணத்தை நான்தான் ஒழுங்குபடுத்தினனான். பூக்கடைக்கு மூண்டு தரம் போனனான். மேளக்காரரின்ர பெயர்களைப் பொலிசுக்குக் குடுக்க மறந்திட்டன். கொட்டாஞ்சேனையில இருந்து வந்த மேளக்காரரைப் பொலிஸ்காரர் சாவடியில மறிச்சு, தவிலைக் கழட்டிப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். இங்க மண்டபத்தில கெட்டிமேளம் இல்லாமலே தாலி ஏறினது. தங்கச்சி என்னை நிமிர்ந்தும் பாக்கேல்ல."

"அது உம்மட பிழைதானே?"

"ஓம், என்ர பிழைதான். படிக்கிற பிள்ளையள் அதைச் செய்யக்கூடாது. இந்தப் பாடத்தை வெட்டினால் என்ர பெயரையும் வெட்டுங்கோ."

தலைவர் பேனாவைத் திரும்ப எடுத்து, வெட்டிய கோட்டுக்கு மேலே "இருக்கட்டும்" என்று எழுதினார்.

பிழையை ஒப்புக்கொள்ளத் தலைகுனிய வேண்டியதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.