யூலையில் வந்த ஐந்து

என் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் எப்படி இடம் கிடைத்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்: ஏ.பி. சோதனையால். பச்சைப் பொய். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கே அது அப்போது தெரியும்.

கனடாவில் வோபர்ன் என்ற இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அக்கா, பல்கலைக்கழக முதலாண்டு இரசாயனத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள். அதற்கான சோதனைதான் ஏ.பி. மே மாதத்தில் நடக்கும். ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று யூலையில் சொல்வார்கள். பல்கலைக்கழகமோ அவளுடைய வகுப்புப் புள்ளிகளைப் பார்த்து ஏப்ரலிலேயே இடம் தந்துவிட்டது. கலியாணம் முடிந்த பிறகு யாராவது சாதகம் பார்ப்பார்களா? அப்பா பார்த்தார்.

"சோதனை எழுதாமல் உலகத்திலை ஆர் கம்பசுக்கு எடுப்பான்? உது சும்மா ஆசை காட்டுறது," என்றார். ஊரில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் உயர்தரச் சோதனை ஒன்றுதான் ஒருவருடைய தலையெழுத்து. கனடாவிலும் அப்படித்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

தொலைக்காட்சியை நிறுத்தினார், பொறுத்துக்கொண்டேன். ஆனால் சோதனைக்கு முதல்நாள் பட்மின்ரன் இறுதிப் போட்டி. அக்காவும் அவளுடைய சிநேகிதியும் இரட்டையர் ஆட்டத்தில் வருடக்கணக்காகப் பாடுபட்டு அங்கே வந்திருந்தார்கள். அப்பா மட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சிநேகிதி எங்கள் வாசலில் நின்று "அங்கிள், அங்கிள்" என்று கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அக்கா இரசாயனப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூலையில் ஐந்துக்கு ஐந்து வந்தது. அப்பா லட்டுப் பெட்டியோடு மாடி மாடியாக ஏறி இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம்.

"நான் பிடிச்சு இருத்தினபடியால்தான் பிள்ளை கம்பஸ் போறாள்," என்றார் எல்லோரிடமும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்! அக்காவுக்கு ஏப்ரலிலையே ஓஃபர் வந்திட்டுது!" என்று கத்தினேன். அக்கா ஒரு முழு லட்டை என் வாயில் அடைத்தாள்.

"ஓம், அப்பாவாலைதான்," என்றாள்.

அப்பா மேல் இருந்ததைவிட அவள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அந்த ஐந்தால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அவள் சேர்ந்த துறை ஏ.பி. புள்ளியை ஏற்காததால், முதலாண்டு இரசாயனத்தை அங்கே போய்த் திரும்பவும் படித்தாள்.

அப்பா உயர்தரச் சோதனை எழுதவே இல்லை. எல்லாம் படித்து முடித்து, சோதனை நெருங்கிய நேரத்தில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து ஓடியவர். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது, எனக்கு அப்போது தெரியாது. தனக்கு உதவாத ஐந்தை அவள் அவருக்குக் கொடுத்துவிட்டாள். அது விளங்கிய பிறகும், அந்தச் சிநேகிதி வாசலில் நின்ற நாளை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.