இரண்டு அங்குலம் இறக்கிய கார்

"அம்மாக்கு முழங்கால் ஏலாது, கோயிலுக்குப் போய்வர ஒரு கார் வாங்குங்க" என்றுதான் மனைவி சொன்னாள். நான் வாங்கியதோ இருபத்தைந்து வருடப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நாலு கதவு இருக்கிறதே, குடும்பக் கார்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

வாவியின் உப்புக் காற்றில் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி ஒட்டி, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, இரண்டு வருடம் ஏறாவூர் கராஜே கதியென்று கிடந்தேன். அதுவும் போதாமல், ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னேன். அதுதானாம் ஸ்டைல்.

"நம்மட ரோட்டுக்கு இது சரிவராது" என்றார் மெக்கானிக். ரசனை கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டம் நாவற்குடா வீட்டிலிருந்து கோயிலுக்கு. முதல் வேகத்தடையிலேயே காரின் வயிறு உரசியது. பாரம் குறைய எல்லோரையும் இறக்கினேன், தாண்டியதும் ஏற்றினேன். மூன்றாவது தடையில் இறங்கிய மாமியார் திரும்ப ஏறவில்லை.

"நான் நடந்து போறன் மகன். நீங்க காரைப் பக்குவமாக் கூட்டி வாங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் அருச்சனை முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். கையிலிருந்த திருநீற்றைக் கார் பொனட்டில் பூசிவிட்டுச் சொன்னார்:

"பாவம், களைச்சுப் போச்சு."