ஏட்டையா முன்னால் ஒப்புக்கொண்ட கேஸ்

என்னைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். திருடியதில்லை, யாரையும் அடித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஏரியில் வலை போட்டுப் பிழைக்கிறவன். ஆனாலும் பயம். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன். வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருப்பேன். நண்டுக் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தால்தான் வியாபாரி வாங்குவார். எனக்கு அது விலங்கு மாட்டுவது போலிருக்கும். மனைவிதான் கட்டுவாள்.

"நண்டப் புடிக்கத் தெரியுது, கட்ட மட்டும் நடுங்குது. எங்கப்பா எங்க போய்த் தேடினாரோ இந்த ஆள" என்பாள்.

போன வருடம் மகளுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நான்தான் போக வேண்டும் என்றாள் மனைவி. ஒரு பையில் லுங்கி, துண்டு, பல்பொடி எடுத்து வைத்தேன்.

"இன்னாத்துக்கு நைனா இதெல்லாம்?" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா."

ஸ்டேஷனில் ஏட்டையா அவளிடம் ஊர், படிப்பு எல்லாம் கேட்டு எழுதினார். நான் பெஞ்சின் நுனியில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"உம்மேல கேஸ் ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு சார்" என்றேன் நான்.

பேனா நின்றது. மகள் என் தொடையைக் கிள்ளினாள். அவள் வேலை என் வாயாலேயே போய்விடும் போலிருந்தது.

"இன்னா கேஸ்?"

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இன்று இந்த இடம் உனக்கு, நாளை அவனுக்கு என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்போம். மூன்று வருடத்துக்கு முன் நாளைத் தப்பாக எண்ணி, மச்சானுடைய பாட்டில் வலை போட்டுவிட்டேன். எட்டு நாள் ஏரியில் இறங்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. இதையெல்லாம் எழுந்து நின்று கைகட்டிச் சொன்னேன்.

"கோர்ட்டுக்குப் போச்சா?"

"இல்ல சார். கோயிலாண்ட வச்சிப் பேசினாங்க."

"மச்சான் இப்ப இன்னா சொல்றாரு?"

"பேச்சில்ல சார். நண்டு குடுத்தா மட்டும் வாங்கிக்குவாரு."

ஏட்டையா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பாரத்தில் 'வழக்கு எதுவும் இல்லை' என்று எழுதினார்.

"யோவ், பொண்ணு வேலைக்குப் போகணுமா வேணாமா? வாய மூடிக்கினு கிளம்பு."

கிளம்பிவிட்டேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இரண்டு டிக்கெட் கேட்டேன்.

"இன்னொரு ஆளு எங்க?" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் யாருமில்லை. இறங்கி ஓடினேன். யாரும் கூப்பிடாமல், நானாகவே ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன்.

"இன்னொரு கேஸா?" என்றார் ஏட்டையா.

"இல்ல சார். பொண்ண வுட்டுட்டுப் போய்ட்டேன்."

மகள் தலை நிமிரவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவள் முடித்து எழும்வரை அங்கேயே காத்திருந்தேன், ஒரு காலை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு.