நூற்று அறுபதில் ஓர் ஓவர்டேக்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று பல பேர் விசாரித்தீர்கள். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை, அவ்வளவுதான். அசிங்கமாக இருந்தது... இன்னும் இருக்கிறது.

விஷயம் அந்த பைக்தான்.

ஐம்பத்து நாலு வயதில் பெரிய டூரிங் பைக் வாங்கியதையும், அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் இங்கேயே எழுதியிருக்கிறேன். ஃபர்ஸ்ட் சர்வீஸ் முடியும்வரை இஞ்சினை முறுக்கக் கூடாது என்பார்கள். நானும் பத்தியச் சாப்பாடு மாதிரி நாலாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டினேன். சர்வீஸ் முடிந்து சாவியைக் கொடுத்த மெக்கானிக், "இனிமே ஃப்ரீயா ஓட்டுங்க சார்" என்றார். அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற சிக்ஸ் லேன் ரோடு. சந்திரகிரி தாண்டியதும் ஆள் நடமாட்டம் குறைந்தது. ஆறாவது கியரில் நூறில் போய்க்கொண்டிருந்தவன், இரண்டு கியர் இறக்கி, த்ராட்டிலை முழுசாகத் திருகினேன்.

என்னத்தைச் சொல்ல? ஆறாயிரத்தைத் தாண்டியதும் அந்த இஞ்சினுக்கு வேற புத்தி வருகிறது. அதுவரை உறுமிக்கொண்டிருந்தது, கத்த ஆரம்பிக்கிறது. வயிறு பின்னால் தங்கிவிடுகிறது, நாம் மட்டும் முன்னால் போகிறோம். நூற்றிருபது... நூற்று நாற்பது... ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி, பிள்ளை, பி.பி. மாத்திரை — எதுவும் ஞாபகமில்லை.

முன்னால் இரண்டு லாரிகள். ரைட் லேனையும் நடு லேனையும் பட்டா போட்டுக்கொண்டு ஜோடியாகப் போகின்றன. பிரேக் பிடித்தால் அந்த சுகம் போய்விடுமே? லெஃப்ட்டில் ஏறினேன். நூற்று அறுபதில். லாரிக்கும், ஓரமாகப் போன ஒரு ஸ்கூட்டிக்கும் நடுவே விர்ரென்று புகுந்து வெளியே வந்தேன்.

கண்ணாடியில் எதுவோ சாய்ந்தது. ஒரு நொடிதான். வைப்ரேஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காணிப்பாக்கம் கிராஸில் டீ குடித்துவிட்டு, ஊர்களுக்குள் புகுந்து சுற்று வழியில் வீடு திரும்பினேன். வெறும் வைப்ரேஷனுக்கு எதற்குச் சுற்று வழி? அதையும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் கழித்து என் மனைவி கோமதி பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர்தான். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது மணிக்கட்டில் கட்டு. அதைப் பிரித்து மறு கட்டுப் போட வந்திருக்கிறார். கூடவே வீட்டுக்காரர். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற குடும்பம்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கோமதி கேட்டாள்.

"பொண்ண சந்திரகிரில குடுத்திருக்கோம்மா. ஞாயித்துக்கிழமை அவ ஸ்கூட்டிய எடுத்துக்கினு காணிப்பாக்கம் போய்க்கினு இருந்தோம். லாரிக்கு பயந்துக்கினு ஓரமாத்தான் போனோம். ஒருத்தன், பின்னால மூணு பெட்டி வெச்ச பெரிய பைக்கு, நடுவுல பூந்துட்டான். இடிக்கல. ஆனா அந்த சத்தத்துக்கும் காத்துக்கும் இவரு கை ஆடிப்போச்சு. மண்ணுல எறங்கி வுழுந்துட்டோம்."

"நின்னானா?"

"எங்கம்மா நின்னான்? திரும்பிக்கூட பாக்கல."

கோமதி என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பைக்கில் எத்தனை பெட்டி என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எந்த ரோட்டில் போனேன் என்பதும் தெரியும்.

அந்த அம்மாள் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மெல்ல அசைத்துப் பார்த்தார். "தறில நூல் அறுந்துச்சுன்னா முடி போடறது இந்தக் கைதான். விரலு பழையபடி மடங்குமான்னு கேட்டா, பாக்கலாம்ன்றாங்க. முடி போட வரலைன்னா நான் இன்னா வேலைக்குப் போவேன், சொல்லு."

நான் பேச வேண்டிய நேரம் அது. 'நான்தாம்மா' — ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"இவனுங்க லைசென்ஸைப் புடுங்கி உள்ள தள்ளணும்மா."

ஆமாம், திட்டினேன். அவர்களைவிட அதிகமாகத் திட்டினேன். கொழுப்பெடுத்த பசங்க, மனுஷ ஜென்மமா இவனெல்லாம், பெத்தவங்க வளர்த்த லட்சணம்... இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். "அவன காணிப்பாக்கத்துல நிக்க வெச்சு சத்தியம் கேக்கணும் சார்" என்றார். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இந்த ஜில்லாவில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

"கேக்கணும்ங்க, கண்டிப்பா கேக்கணும்" என்றேன் நான்.

தப்பு செய்தவனுக்குத் தப்பின்மேல் எவ்வளவு ஆத்திரம் வருகிறது பாருங்கள். இனிமேல் நாலு பேர் கூடின இடத்தில் எவன் ரொம்பச் சத்தமாக நியாயம் பேசுகிறானோ, முதலில் அவன் வண்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டுப் போட்டு முடிந்ததும், பஸ்ஸுக்குக் கிளம்பியவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரியில் கொண்டுபோய் விட்டேன். பரிகாரமாம், பெரிய பரிகாரம்! ஐம்பதுக்கு மேல் போகவில்லை. கோமதி வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்தக் காலத்துல யாரு சார் இப்பிடி ஏத்திக்கினு போறாங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றார் அந்த அம்மாள், பின் சீட்டிலிருந்து. "இன்னா வேலை சார் பண்றீங்க?"

"தமிழ்ப் பத்திரிகையில வாராவாரம் எழுதறேன்."

"அப்ப இத எழுது சார். அந்த பைக்காரன் எங்கனா படிச்சான்னா அவனுக்கு உறைக்கட்டும்."

"எழுதறேன்மா."

வீட்டுக்காரர் சிரித்தார். "எழுதினாலும் எங்களால படிக்க முடியாது சார். வீட்டுல பேசறதுதான் தமிழு. இஸ்கூலெல்லாம் எங்களுக்குத் தெலுங்குலதான். புள்ளைங்களுக்கும் அப்படித்தான்."

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கோமதி ஒன்றே ஒன்று சொன்னாள். "நல்லாத் திட்டினீங்க."

பைக்கை விற்றுவிடுவீர்களா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. இதைவிட வெட்கக்கேடு ஒன்று சொல்கிறேன் — நேற்று சாயங்காலம் ரோட்டில் எவனோ பெரிய பைக்கை முறுக்கிக்கொண்டு போனான். அந்தச் சத்தத்துக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷம் அந்த அம்மாளின் விரல்கள் ஞாபகம் வந்தன. ஆனால் சிலிர்த்ததுதான் முதலில்.

நகரியில் அவர்கள் வீடு தெரியும். இங்கிருந்து ஒரு மணி நேர வழி. வாசலில் போய் நின்று, நான்தாம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவர் கேட்டபடி எழுதி மட்டும் விட்டேன்.

அவர்களால் இதைப் படிக்க முடியாது என்கிற தைரியத்தில்.