வெள்ளையம்மாள் கிணற்றில் ஒரு திருத்தம்

1. மேடு

பரளச்சிப் பக்கம் எங்கள் சர்வே லைனில் எண்ணெய் இருக்கிறது என்று குழுத் தலைவரான பார்ட்டி சீஃப் முடிவு செய்த அன்று, பாளையம்பட்டி கேம்ப்பில் எல்லோருக்கும் ஜிலேபி வந்தது. நானும் ஒன்று தின்றேன். தின்றுகொண்டே செக்‌ஷனைப் பார்த்தேன்.

நிலத்தில் வெடி வைத்து, அதிர்வு ஆழத்துப் பாறைகளில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து வரைவதுதான் செக்‌ஷன். அதில் ஓர் இடத்தில் அடுக்குகள் குடைபோல எழும்பியிருந்தன. அப்படிப்பட்ட மேட்டில்தான் எண்ணெய் தங்கும் என்பது பாடம்.

மேட்டுக்கு நேர் மேலே வெள்ளையம்மாளின் நிலம். அதில் பாதி வெட்டிய கிணறு. "எண்ணெய்க்குத் துளை போடுற ரிக் வந்து நிக்கப்போற இடம், வெட்டுறத நிறுத்துங்க" என்று சீஃப் சொல்லிவிட்டார். ஊரில் அந்தம்மாளுக்குப் 'பெட்ரோல்காரி' என்று பெயர் விழுந்திருந்தது.

2. உறுத்தல்

எனக்கு உறுத்தியவை:

அ) மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு எல்லாம் ஒரே அளவு எழும்பியிருந்தன. பூமி அவ்வளவு ஒழுங்காக மடிவதில்லை.

ஆ) மேல்மண்ணில் அதிர்வு மெதுவாகப் போகும். அந்தத் தாமதத்தைக் கழிப்பதுதான் ஸ்டாட்டிக் கரெக்‌ஷன். தாமதத்தை அறியத் துளை போட்டு அளக்க வேண்டும். துளை போடத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் லாரி கரிசலில் இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே எங்கள் பார்ட்டி துளை போடும் இடம் தார் ரோட்டோரம். குறிப்பாக, டீக்கடை எதிரே.

இ) வெள்ளையம்மாளின் நிலம் கரிசல் அல்ல, கெட்டிச் சரளை.

டீக்கடைக் கரிசலின் தாமதத்தை லைன் முழுவதும் கழித்திருந்தோம். சரளையில் அவ்வளவு தாமதமே கிடையாது. இல்லாததைக் கழித்தால் அடியில் இருப்பதெல்லாம் மேலே ஏறும்.

சீஃபிடம் சொன்னேன்.

"ஏம்மா, மேப்பு மெட்ராஸ் ஆபீஸுக்குப் போற நேரத்துல டீக்கடையப் பத்திப் பேசுற?"

"அந்த நிலத்துல அளந்து பார்த்துடலாம் சார்."

"சுத்திக் கரிசல், லாரி போகாது."

"லாரி வேண்டாம் சார். அங்க கிணறு இருக்கு."

3. கிணறு

கிணற்றின் அடியில் சின்ன வெடியாக ஒரு டெட்டனேட்டர், மேலே அதிர்வைப் பிடிக்கும் ஜியோபோன். வெள்ளையம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன தாயி, எம் பெட்ரோலத் தேடுறீகளா?"

"இல்லாமலும் இருக்கலாம்மா. அதத்தான் பார்க்கிறேன்."

அவர் சட்டென்று பக்கத்தில் வந்தார். "நெசமாவா? மழைக்கு முந்தி கிணத்த முடிச்சா மிளகா போட்டுருவேன். எங்க கொழுந்தனாரு காரு வாங்கக் கெளம்பிட்டாக. இல்லேன்னு எழுதிருங்க தாயி!"

"சொன்னா எழுத முடியாதும்மா. அளந்துதான் எழுதணும்."

"அப்ப வெரசா அளங்க."

சரளையில் அதிர்வு கரிசலைவிடப் பல மடங்கு வேகமாகப் போனது. புதிய எண்களைப் போட்டுத் திரும்ப வரைந்ததில் மேடு படுத்துவிட்டது. சீஃப் வெகுநேரம் பார்த்தார்.

"டீக்கடை முன்னால துளை போடச் சொன்னது யாரு?"

துளை போட்ட அன்று அவர் டீ குடித்துக்கொண்டே கை காட்டியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிழையைக் கண்டுபிடித்தது பார்ட்டி சீஃபின் கூர்ந்த பார்வை என்று ரிப்போர்ட்டில் போனது. டைப் செய்ததைச் சரிபார்த்தவள் நான்தான். ஸ்பெல்லிங் பிழை இல்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று: எல்லா அடுக்கும் சேர்ந்து எழும்பினால், முதலில் காலடி மண்ணைப் பாருங்கள். லாரி நிற்கும் இடத்தில் அல்ல, லைன் போகும் இடத்தில் அளங்கள்.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். வெள்ளையம்மாள் வரப்பில் ஏறி நின்று, கிணறு வெட்டும் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினார்:

"ஏலே, மம்பட்டிய எடுங்கலே! பெட்ரோலு இல்லையாம்!"